தூம்பாறை வேனின் வெள்ளைப் புகை

தூம்பாறைப் பஞ்சாயத்து வேன் தொடர்ந்து மூன்றாவது நாளாக ஸ்டார்ட் ஆக மறுத்த ஒரு மார்கழிக் காலையில், அதன் சைலன்சரிலிருந்து வந்த வெள்ளைப் புகை காற்றில் கலையாமல், முழங்கால் உயரத்துக்கு எழும்பி, அங்கேயே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இலவம்பஞ்சுப் பொதி மாதிரி பொத்தென்று தரையில் விழுந்தது. வேனைச் சுற்றி நின்ற பதினாலு பேரும் அதைப் பார்த்தார்கள். ஆனால் மணி ஐந்தரை தாண்டியிருந்தது, பூண்டு மூட்டைகள் சந்தைக்கு இறங்க வேண்டியிருந்தது, எல்லோருக்கும் காது விறைத்திருந்தது, அதனால் புகையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர் ஒச்சப்பன் மட்டும் இறங்கி வந்து அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கிர்ர் கிர்ர் என்று எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை, இன்னொரு பொதி விழுந்தது.

அந்த வேனுக்கு வயது இருபத்தாறு. கீழே ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் உழைத்து, ஏலத்தில் விழுந்து, மலையேறி தூம்பாறைக்கு வந்த டீசல் வண்டி. பஸ் பதினோரு மணிக்குத்தான் வரும் என்பதால் விடியற்காலையில் மலையிறங்க அதை விட்டால் வேறு வழியில்லை. பூண்டு அதில்தான் போகும், காலேஜ் படிக்கிற பிள்ளைகள் அதில்தான் போவார்கள், செவ்வாயும் வெள்ளியும் மாரிக்கண்ணு அதில்தான் போவார். மாரிக்கண்ணு ரிட்டயர்டு தபால்காரர். முப்பத்திரண்டு வருஷம் மலைமேல் நடந்த கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு கிட்னியும்தான் போய்விட்டன. எட்டரை மணிக்குக் கீழே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கட்டிலில் படுத்துவிட வேண்டும். தாமதமானால் கட்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பதினோரு மணிக்கு வெயில் ஏறியபின் வேன் தானாகவே ஸ்டார்ட் ஆகத்தான் செய்தது, ஆனால் அந்த நேரத்தில் சந்தையும் முடிந்திருக்கும், கட்டிலும் நிறைந்திருக்கும்.

ஊரில் ஆளுக்கொரு நோய் கண்டுபிடித்தார்கள். பேட்டரி செத்துவிட்டது என்றார்கள், டீசலில் தண்ணீர் கலந்துவிட்டது என்றார்கள், வேனுக்குக் கண்பட்டுவிட்டது என்று முன்சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கப் பார்த்தார்கள், நசுக்குவதற்கு வண்டி நகர வேண்டும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எஞ்சின் மேல் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினார்கள். ஒச்சப்பன் தன் பங்குக்கு, போன தீபாவளிக்குப் புதுச் சீட்டு உறை வாங்கித் தருகிறேன் என்று தான் வாக்குக் கொடுத்து ஏமாற்றியதில் வண்டிக்கு மனவருத்தம் என்றார். பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுரங்கம் கீழேயிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தார். அவர் மத்தியானம் வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேனைச் சுற்றி வந்து பார்த்து, கோழிக்குழம்பு சாப்பிட்டு, 'காரணம்: குளிர். பரிந்துரை: குளிர் குறையும்வரை காத்திருக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதைத் தலைவர் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார்.

அமலோற்பவத்தை யாரும் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். நாற்பத்து நாலு வயது. வத்தலக்குண்டில் அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருஷம் வண்டிக்கடியில் படுத்துக் கிடந்துவிட்டு, கல்யாணமாகித் தூம்பாறைக்கு வந்தவள். தகரக் கொட்டகையில் மருந்தடிக்கிற மோட்டாரும் உழவு மெஷினும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவள் பானெட்டைத் திறக்கவில்லை, முதலில் கீழே கிடந்த புகையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"எஞ்சின் நல்லா சுத்துதாண்ணே?"

"சுத்துது, சுத்துது, பிடிக்கத்தான் மாட்டேங்குது" என்றார் ஒச்சப்பன்.

"நல்லா சுத்துச்சுன்னா பேட்டரி மேல தப்பில்ல. புகை இம்புட்டு வெள்ளையா வருதுன்னா டீசலும் உள்ள போகுதுன்னு அர்த்தம். போகுது, எரியல. புகையே வரலைன்னா டீசல் ஏன் வரலைன்னு தேடலாம். இது உள்ள சூடு இல்லாத கேசு."

ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயரைக் கட்டி, ஒன்றைப் பேட்டரியில் வைத்து, மற்றதை, டீசல் எரிய உள்ளே சூடு கொடுக்கிற, எஞ்சினில் வரிசையாக இருந்த நாலு ஹீட்டர் பிளக்கின் தலையிலும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். நாலில் ஒன்றுக்குத்தான் பல்பு எரிந்தது. மூன்றும் செத்துக் கிடந்தன.

"இந்த மூணையும் மாத்துனா வண்டி முதல் சாவியில கிளம்பும்" என்று ஒரு தாளில் எழுதித் தலைவரிடம் கொடுத்தாள். தலைவர் அதை வாங்கி, மடித்து, கோப்புக்குள் வைத்து, கோப்பைப் பீரோவுக்குள் வைத்து, பீரோவைப் பூட்டினார். இன்ஜினியர் எழுதிய காரணம் குளிர் என்றிருக்கும்போது, தகரக் கொட்டகைக்காரி சொல்லும் காரணத்துக்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை என்பது அவர் எண்ணம்.

அதற்குள் ஊர் புகைக்கு உபயோகம் கண்டுபிடித்துவிட்டது. முதல் வாரத்தில் ஜன்னல் இடுக்குகளில் அடைத்தார்கள், குளிர் உள்ளே வரவில்லை. இரண்டாம் வாரத்தில் முட்டைக் கூடைக்கு அடியில் பரப்பினார்கள், ஒரு முட்டைகூட உடையவில்லை. அப்புறம் உறை தைத்துத் தலையணையில் திணித்தார்கள். லேசாக டீசல் வாடை அடித்தது, ஆனால் அப்படி ஒரு மெதுமெதுப்பை மலைமேல் யாரும் கண்டதில்லை. மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேல் பனி என்று தூவினார்கள். முருகன் கோயிலில் அதைப் பார்த்துவிட்டு மயிலுக்குக் கீழே மேகம் என்று அடுக்கினார்கள். பற்றிக்கொள்ளுமோ என்று தீக்குச்சி கிழித்துப் பார்த்தார்கள், குச்சிதான் அணைந்தது. வேன் தினமும் ஸ்டார்ட் ஆகாமலிருக்க, தினமும் எட்டுப் பத்துப் பொதி விழ, பொதி எடுக்க விடிகாலையில் சாக்கோடு வரிசை நின்றது. பூண்டை யார் கீழே கொண்டுபோவது என்று கேட்டவர்களும் வரிசையில் நின்றுகொண்டுதான் கேட்டார்கள்.

புகைத் தலையணையில் தூங்கியவர்கள் காலையில் கண்ணைத் திறந்தார்கள், எழுந்து உட்கார்ந்தார்கள், தொண்டைக்குள் கிர்ர் கிர்ர் என்று இரண்டு முறை ஏதோ சுற்றியது, அதற்குமேல் ஒன்றும் பிடிக்கவில்லை. சாக்கடைத் தண்ணீருக்காகப் பக்கத்து வீட்டோடு பதினோரு வருஷமாகத் தினமும் சண்டை போட்டு வந்த வேலாயி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து "அடியே" என்றாள், அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாள், அது வராததால் உள்ளே போய்விட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றும் சொல்லாமல் பிடிக்கவில்லை என்றும் சொல்லாமல் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். வாத்தியார் ஒரு கணக்கைப் போர்டில் எழுதி, சமக்குறியும் போட்டு, அதோடு சாக்பீஸைக் கீழே வைத்தார். ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்டபோது கூட்டமே பொங்கி எழுந்து, வாயைத் திறந்து, மூடி, கோதுமையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. பொங்கலுக்குள் பஞ்சாயத்தில் ஒரு புகார் மனுகூட இல்லாமல் போனது. தூம்பாறை அமைதிப் பூங்காவாகிவிட்டது என்று தலைவர் மேடையில் பேசினார். கைதட்டக் கைகளை உயர்த்தியவர்கள் அப்படியே உயர்த்தி வைத்திருந்தார்கள்.

இரண்டே பேருக்குத்தான் இது ஒட்டவில்லை. எரியாத டீசலில் மனுசன் தலை வைத்துப் படுப்பானா என்று அமலோற்பவம் வீட்டுக்குள் புகையைச் சேர்க்கவே இல்லை. மாரிக்கண்ணுவுக்குப் படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார், அவருக்குத் தலையணையே கிடையாது.

தை பிறந்ததும் டூரிஸ்டுகள் வந்தார்கள். யாரோ எடுத்த வீடியோ எங்கேயோ போய், தரையில் விழுகிற மேகத்தைப் பார்க்க வண்டி வண்டியாக ஜனம் ஏறியது. இனிமேல் யாரும் அதைப் புகை என்று சொல்லக்கூடாது, மேகம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள். 'மேகம் பிறக்கும் வேன்' என்று பெரிய போர்டு வந்தது. ஒச்சப்பனுக்கு ஜரிகை வைத்த சிவப்புச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். ஐந்தரைக்கும், ஆறுக்கும், ஆறரைக்கும் அவர் சாவியைத் திருப்ப, வண்டி பிடிக்காமல் போக, ஜனம் ஆரவாரித்தது. முதலில் கூச்சப்பட்ட ஒச்சப்பன் போகப்போக இடது கையால் மீசையைத் தடவிக்கொண்டே தோற்கப் பழகிவிட்டார். "இன்னிக்கு என்னமா பிடிக்காம இருந்துச்சு பாத்தியளா" என்று டீக்கடையில் பெருமையாகக் கேட்பார். ஒரு நாளைக்கு இத்தனை தடவை சுற்றிப் பேட்டரி தளர்ந்தபோது, அதே வாரத்தில் பஞ்சாயத்து புதுப் பேட்டரி வாங்கியது. வண்டி இன்னும் தெம்பாக ஸ்டார்ட் ஆகாமலிருந்தது.

கூட்டம் தாங்காமல், காலை பத்து மணிவரை மலைப்பாதையில் வண்டிகள் ஏற மட்டும்தான் செய்யலாம், இறங்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அதுவரை யார் பைக்கையாவது, அப்புறம் டூரிஸ்டு காரையாவது கெஞ்சி இறங்கிக்கொண்டிருந்த மாரிக்கண்ணுவுக்கு அந்த வழியும் அடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை தவறியது. அடுத்த செவ்வாயும் தவறியது. அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, வீங்கிய காலை விரலால் அழுத்திக் காட்டினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"நல்லா பாத்துக்கங்கப்பா. இந்தப் பிள்ளையார் கால வெச்சுக்கிட்டு எங்கிட்டுப் போறது? இந்த ஊருக்கு முப்பத்திரண்டு வருசம் கடுதாசி கொண்டாந்தவன் நான். எனக்கு ஒரு வண்டி விட உங்களால முடியாதா?"

கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. எல்லார் கண்ணிலும் தண்ணீர் முட்டியது. எல்லார் தொண்டையும் கிர்ர் கிர்ர் என்றது. அப்புறம் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

தலைவர் பொன்னுரங்கம் மாரிக்கண்ணுவின் மனைவிக்குத் தம்பி. அவர் கைகூப்பினார். "மச்சான், இந்த வெள்ளிக்கிழம மந்திரி வர்றாரு. அவர் கையால சாவியத் திருப்பி விழாவத் தொடங்கி வெக்கிறாரு. அது முடியட்டும். ஒரு ரெண்டு வாரம் பொறுத்துக்கங்க."

"மாப்ளே, மந்திரி தேதி எனக்குப் புரியுது, என் ரத்தத்துக்குப் புரியணுமே" என்றார் மாரிக்கண்ணு.

கூட்டம் கலைந்தபின் நாற்காலியை மேட்டில் தள்ளிக்கொண்டு போனது அமலோற்பவம்தான். பாதி மேட்டில் நின்று மூச்சு வாங்கினாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழம காலையில பையோட வேன்ல ஏறி உக்காந்துருங்க."

"ஏறி?"

"ஏறி உக்காருங்க, போதும்."

புதன்கிழமை மத்தியான பஸ்ஸில் வத்தலக்குண்டு போய், அண்ணன் கடையிலிருந்து புது ஹீட்டர் பிளக் நாலும் எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் திரும்பி வந்தாள். ஒளித்துச் செய்ய வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஊர் முகத்தைப் பார்த்ததும் அதற்கு அவசியமில்லை என்று தெரிந்துவிட்டது. பட்டப்பகலில், மந்திரிக்குப் புகையால் வரவேற்பு வளைவு கட்டிக்கொண்டிருந்த நாற்பது பேருக்கு நடுவே, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள். ஒச்சப்பன் ஜரிகைச் சட்டையோடு பக்கத்தில் வந்து நின்றார், கையை நீட்டினார், அவள் கழற்றிக் கொடுத்த பழைய பிளக்குகளை வாங்கி வாங்கி வைத்துக்கொண்டார். தலைவரும் வந்தார்.

"என்ன பண்ற?"

"ஹீட்டர் பிளக் மாத்துறேன் தலைவரே."

"அத மாத்துனா..." தலைவரின் தொண்டை சுற்றியது.

"மாத்துனா வண்டி ஸ்டார்ட் ஆகும்."

"ஆகும்ல" என்றார் தலைவர். முகம் சிவந்தது, கை ஓங்கப் பார்த்தது, பாதியில் நின்றது. ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு வளைவுக்கு உயரம் போதுமா என்று பார்க்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு மந்திரி வந்தார். வேனுக்கு முன்னால் ஆளுயர ரோஜா மாலை சாத்தியிருந்தார்கள். பின்கதவு வழியாக மாரிக்கண்ணு மஞ்சள் பையும் மருத்துவக் கோப்புமாக ஏறி உட்கார்ந்தார். நிகழ்ச்சியில் அதுவும் ஒன்று என்று நினைத்து யாரோ அவருக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். மந்திரி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து, சாவியில் கையை வைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற அமலோற்பவம் சொன்னாள். "ஐயா, பாதி திருப்பிட்டு நில்லுங்க. முன்னால ஒரு மஞ்ச வெளக்கு எரியும். அது அணையட்டும், அப்புறம் முழுசா திருப்புங்க."

மந்திரியைக் காத்திருக்கச் சொன்னவர்கள் இதுவரை யாருமில்லை. அதனால் அவருக்கு மறுக்கத் தெரியவில்லை. விளக்கு எரிந்தது. விளக்கு அணைந்தது. மந்திரி திருப்பினார்.

கிர் என்று அரைச் சுற்றுகூட இல்லை, வண்டி பிடித்துக்கொண்டது. ஒரு தும்மல் தும்மிக் கொஞ்சம் கரும்புகை விட்டது, அப்புறம் அதுவும் இல்லை, தடதடதடவென்று தரை அதிர நின்றது. அடுத்த நிமிடம் வளைவு வெதுவெதுப்பானது, சுருங்கியது, மூங்கில்தான் மிஞ்சியது. மயிலுக்கடியில் மேகம் தீர்ந்தது, இன்னும் கலைக்காமல் விட்டிருந்த குடிலின் மேல் பனி தீர்ந்தது, ஜன்னல் இடுக்குகள் திறந்துகொண்டன, தலையணைகள் எல்லாம் வெறும் உறையாகத் தட்டையாயின. அன்றுவரை எரியாமல் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் எரிந்து தீர்ந்தது, தீயும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல். ஒவ்வொருவருக்கும் பிடரியில் வெந்நீர் ஊற்றியது போல் ஒரு சூடு ஏறியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று தலைவர் கத்தினார். அதிர்ச்சியில் மந்திரி கதவைத் திறந்து குதித்துவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் காலி சீட்டை ஒச்சப்பன் பார்த்தார். பின்னால் கண்ணாடியில் மாரிக்கண்ணுவின் முகம் தெரிந்தது, ஊதி, மஞ்சளாக, துண்டு போர்த்திக்கொண்டு. இரண்டு மாதமாகத் தோற்றுக் கைதட்டு வாங்கிய மனிதர் ஏறி உட்கார்ந்தார், ஜரிகைச் சட்டையின் கையை மடித்துவிட்டார்.

"போலாமாண்ணே?"

"அதுக்குத்தானய்யா மார்கழியிலேருந்து உக்காந்திருக்கேன்!"

வேன் இறங்கியது. ஏறி வந்துகொண்டிருந்த டூரிஸ்டு வண்டிகள் வரிசையாக நின்றன. மலைப்பாதையின் முதல் கொண்டை ஊசி வளைவிலிருந்த போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தவர், ரோஜா மாலையையும் உள்ளே துண்டு போர்த்திய பெரிய மனிதரையும் பார்த்து, விசிலை எடுத்துவிட்டு சல்யூட் அடித்து, வயர்லெஸ்ஸில் கீழே தகவல் சொன்னார். வளைவுக்கு வளைவு வண்டிகளை ஓரம் கட்டி வழிவிட்டார்கள். மாரிக்கண்ணு ஒவ்வொரு சல்யூட்டுக்கும் கையை உயர்த்திக்கொண்டே போனார். எட்டு இருபதுக்குக் கட்டிலில் படுத்தார்.

மேலே தூம்பாறையில் எல்லார் தொண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதக் கோபம் ஊரில் தேங்கிக் கிடந்தது. ரேஷன் கோதுமை மேல் பாய்ந்திருக்கலாம், பூட்டிய பீரோ மேல் பாய்ந்திருக்கலாம், இறங்காதே என்று போட்ட உத்தரவு மேல் பாய்ந்திருக்கலாம். அது நேராக அமலோற்பவத்தின் மேல் பாய்ந்தது. தலையணை போச்சு என்றார்கள், டூரிஸ்டு போச்சு என்றார்கள், ஊருக்குச் சொந்தமான கோளாறைச் சரிசெய்ய இவள் யார் என்றார்கள். வேலாயிக்கு வார்த்தைகள் மொத்தமாகத் திரும்பி வந்தன, பக்கத்து வீட்டுக்காரி அவளோடு சேர்ந்து நின்று எடுத்துக்கொடுத்தாள். அமலோற்பவம் கொட்டகை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழவும் செய்தாள். ஆனால் சத்தம் எல்லார் தொண்டையிலும் நன்றாகப் பிடித்திருப்பதை மெக்கானிக் காது கவனிக்காமல் இல்லை.

மறுநாள் அவசரக் கூட்டத்தில், புதிதாகப் பொருத்திய உறுப்புகளைக் கழற்றி, அரக்கு முத்திரை வைத்து, பஞ்சாயத்துப் பீரோவில் பாதுகாப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கழற்றித் தரும்படி அவளுக்கே ஆள் அனுப்பினார்கள்.

"நான் போட்டத நானே கழட்ட மாட்டேன்" என்று அமலோற்பவம் சொல்லி அனுப்பினாள். "பானெட்டத் தெறந்தா தெரியும். நீங்களே கழட்டிக்கங்க."

பானெட்டைத் திறந்தார்கள். தலைவரும், உறுப்பினர்கள் ஏழு பேரும், இன்ஜினியரின் அறிக்கையைக் கையில் வைத்திருந்த எழுத்தரும் சுற்றி நின்று உள்ளே பார்த்தார்கள். எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் ஒருவரும் தயாராக இல்லை. ஒச்சப்பனைக் கேட்டார்கள். நான் டிரைவர், எனக்கு ஓட்டத்தான் தெரியும் என்று அவர் வானத்தைப் பார்த்தார். இரண்டு மணி நேர விவாதத்துக்குப்பின், புதிதாக இருக்கிறதே, பளபளப்பாக இருக்கிறதே, ஒயரும் வருகிறதே என்று வட்டமாக ஒன்றைக் கண்டுபிடித்துக் கழற்றி, அரக்கு வைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அது ஹார்ன்.

இப்போது தூம்பாறை வேன் தினமும் ஐந்தரைக்கு முதல் சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. எப்படி ஆகிறது என்று ஆபீஸ் வாசலில் நின்று தலைவர் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார், பீரோவைத் திறந்து அரக்கு உடையவில்லையே என்றும் பார்த்துக்கொள்கிறார். வளைவு வரும்போதெல்லாம் ஒச்சப்பன் தலையை வலதுபக்க ஜன்னலுக்கு வெளியே நீட்டி "வர்றோம், வர்றோம், ஓரம் போ" என்று கத்துகிறார். செவ்வாயும் வெள்ளியும் இடதுபக்கத்துக்கு மாரிக்கண்ணு பொறுப்பு.